டர்பனில் ஒரு கள்ளக்காதல் காமெடி: சொந்தக் காசில் படம் எடுப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் நீங்கள் தும்மினால், அதே மாதிரி இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸில் இருக்கும் சித்தி போன் போட்டு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்வார். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலில் வந்து இறங்கினார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம் அவர்களின் பிள்ளைகளையும் பேரன்களையும் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து கிளப்பி, சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் கொண்டுபோய் அடைத்தது. 1991-இல் சட்டம் போனது. ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கும் ஆன்ட்டிகள் எங்கும் போகவில்லை.

அதனால்தான் திருமணம் மீறிய உறவைப் பற்றி ஒரு காதல் நகைச்சுவைப் படம் எடுக்க டர்பனைப் போல வசதியான ஊர் கிடையாது என்கிறேன். பெருநகரத்தில் இந்த விஷயம் ஒரு ஹோட்டல் அறையோடு முடிந்துவிடும். இங்கே கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே கதை ஆரம்பித்துவிடுகிறது. கையில் பெரிய தயாரிப்பாளர் இல்லாமல், நண்பர்களையும் கொஞ்சம் சேமிப்பையும் நம்பி இறங்குகிறவர்களுக்காகக் கதை முதல் வெளியீடு வரை எழுதுகிறேன். கதைப் பகுதி நீளமாக இருக்கும். கேமராவை வாடகைக்கு எடுக்கலாம், கதையை எடுக்க முடியாது.

முதல் படி: யார் யாரோடு சேர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

காதல் நகைச்சுவை என்றால் கடைசியில் இரண்டு பேர் சேர வேண்டும், பார்க்கிறவர்களும் அதை விரும்ப வேண்டும். கள்ளக்காதல் கதையில் சிக்கல் இங்கேயே வந்துவிடுகிறது. கணவன், மனைவி, மற்றொருத்தி என்று மூன்று பேர் இருக்கிறார்கள். யாரைச் சேர்த்தாலும் ஒருவர் அழுதுகொண்டு நிற்பார்.

வழக்கமான வழிகள் இரண்டு. ஒன்று, கணவன் மனம் திருந்தி வீடு திரும்புவான். இது குடும்பங்களுக்குப் பிடிக்கும், ஆனால் இன்டர்வெலிலேயே முடிவு தெரிந்துவிடும். இன்னொன்று, கல்யாணம் ஏற்கெனவே செத்துப்போனது என்று காட்டிக் காதலர்களைச் சேர்ப்பது. இதைச் செய்ய மனைவியைக் கொடுமைக்காரியாகவோ அசடாகவோ எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுதிய படம் சாட்ஸ்வொர்த்தில் ஓடாது. டிக்கெட் வாங்கப்போவது அந்த மனைவிகள்தான்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. ஏமாற்றப்பட்ட மனைவியும், அந்த மற்றொருத்தியின் ஏமாற்றப்பட்ட கணவனும் சந்திக்கிறார்கள். இருவரும் சேர்ந்து துப்பறியக் கிளம்புகிறார்கள். துப்பறிவதற்காகப் பொய் சொல்லி வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள். பத்துப் பதினைந்து சீன்கள் கழித்துப் பார்த்தால், ஊர்க் கண்ணுக்கு உண்மையான கள்ளக்காதலர்கள் இவர்கள்தான்! அவர்கள் கையைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். இதில் காதலும் இருக்கிறது, காமெடியும் இருக்கிறது, யாரையும் வில்லனாக்கத் தேவையும் இல்லை. கீழே உதாரணங்களுக்கு இந்தக் கதையையே எடுத்துக்கொள்கிறேன். மனைவி கோகி, அவள் கணவன் ராஜன். மற்றொருத்தி வாணி, அவள் கணவன் சேகரன்.

இரண்டாம் படி: பொய்களுக்குக் கணக்குப் புத்தகம் போடுங்கள்

இந்த வகைப் படத்தில் சிரிப்பு முத்தத்திலிருந்து வருவதில்லை, பொய்யைப் பராமரிக்கிற வேலையிலிருந்து வருகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி திரைக்கதை தானாக எழுதிக்கொள்ளும். ராஜன் 'செவ்வாய்க்கிழமை பஜனைக்குப் போகிறேன்' என்று சொன்னால் அவனுக்கு ஒரு பஜனைப் பாட்டாவது தெரிந்திருக்க வேண்டும். திருநீறு பூசிக்கொண்டுதான் காதலியைப் பார்க்கப் போக வேண்டும். மூன்று வாரம் கழித்து அவனுடைய மாமியார், 'மாப்பிள்ளை, நீங்க பாடி நான் கேட்டதே இல்லையே' என்று ஆரம்பிப்பார்.

ஒரு பெரிய தாளில் நான்கு பத்தி போடுங்கள். பொய் என்ன, யாரிடம் சொன்னது, அதைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டியிருக்கிறது, யார் மூலம் உடையும். ஒவ்வொரு பொய்யும் பின்னால் குறைந்தது இரண்டு சீன்களைப் பெற்றுத் தர வேண்டும். ஒரே சீனில் தீர்ந்துபோகிற பொய்யை அடித்துவிடுங்கள். பொய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் இடத்தில்தான் இன்டர்வெல்.

பொய் உடைகிற இடத்தை ஊரின் வாழ்க்கையிலிருந்து எடுங்கள். சட்டைக் காலரில் லிப்ஸ்டிக், மறந்து வைத்த போன், வாசனை மாறிய சென்ட் எல்லாம் உலகம் பூராவும் பார்த்துச் சலித்தவை. நம் ஊரில் புரட்டாசி இருக்கிறது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை டர்பன் தமிழ் வீடுகள் பலவற்றில் கறி கிடையாது. சனிக்கிழமை கோவிந்தா பூஜை. பானை சட்டியைக்கூட விளக்கி மாற்றிவைக்கிற வீடுகள் உண்டு. அந்த மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ராஜன் வீட்டுக்கு வருகிறான். கோகி சட்டையைத் துவைக்க எடுக்கிறாள். வலது கை மடிப்பில் மஞ்சள் விளிம்போடு சிவப்பு எண்ணெய்க் கறை, நடுவில் ஒட்டிக்கொண்ட கறிவேப்பிலைத் துணுக்கு. முகர்ந்து பார்க்கிறாள். ஆட்டுக்கறி பன்னி சவ், அதாவது பாணைக் (ரொட்டியைக்) குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு. பாண் துண்டைக் கிழித்துக் குழம்பில் தோய்க்கும்போது வழிந்தது. அது எந்தக் கடை மசாலா என்பதுகூட அவளுக்குத் தெரிகிறது. அந்தக் கடை ஊரின் மறு கோடியில் இருக்கிறது.

இந்தச் சீனை எழுதும்போது கோகியை அழ வைக்காதீர்கள். படத்தில் வசனம் டர்பன் ஆங்கிலத்தில் வரும், இங்கே தமிழில் தருகிறேன்:

'புரட்டாசில மட்டன் சாப்பிட்டியா?'

'இல்ல... அது... ஆபீஸ்ல ஒருத்தன் மேல கொட்டிட்டான்.'

'உன் மேலயா?'

'ஆமா.'

'கைக்கு உள்பக்கமாவா கொட்டினான்?'

பக்கத்து வீட்டுக்குச் செய்தி போகும்போது அவன் வேறொருத்தியோடு இருந்தான் என்பது இரண்டாம்பட்சமாகிவிட வேண்டும். 'புரட்டாசிச் சனிக்கிழமையில், அதுவும் மட்டன்!' என்பதுதான் தலைப்புச் செய்தி. பெரிய தப்பை விட்டுவிட்டுச் சின்னத் தப்புக்கு ஊர் கொதிக்கும்போது தியேட்டர் சிரிக்கும். அதே சீனின் கடைசியில் கோகி தனியாக அந்தச் சட்டையைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு ஷாட் வையுங்கள். வசனம் வேண்டாம். வலி இல்லாவிட்டால் இந்தக் கதை வெறும் ஓட்டப்பந்தயமாகிவிடும்.

மூன்றாம் படி: சட்டத்தையும் ஊர் நடப்பையும் சரிபாருங்கள்

கோபம் வந்த கணவன் 'அவன் மேல கேஸ் போடறேன்' என்று கத்துவது எழுதுகிறவர் கைக்குத் தானாக வரும் வசனம். தென்னாப்பிரிக்காவில் 2015 ஜூன் வரை அதற்கு அர்த்தம் இருந்தது. தன் துணையோடு உறவு வைத்துக்கொண்ட மூன்றாம் ஆளிடம் நஷ்டஈடு கேட்கலாம். 'டிஇ எதிர் ஆர்ஹெச்' என்ற வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வழியை மூடிவிட்டது. ஆகவே உங்கள் கதை இன்று நடக்கிறதென்றால் சேகரன் வக்கீல் ஆபீசுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவான். அதை இழப்பாக நினைக்காதீர்கள், அது ஒரு நல்ல சீன். வக்கீல் சேகரனின் ஒன்றுவிட்ட தம்பி. 'அண்ணா, கேஸ் நிக்காது. ஆனா யாருன்னு மட்டும் சொல்லு' என்று அவன் ஆர்வமாகக் கேட்க வேண்டும். 1990-களில் நடக்கிற கதை என்றால் நேர் எதிர். அப்போது வழக்கு போடலாம், அந்தப் பயமே கதையை ஓட்டும்.

இன்னொரு தங்கச் சுரங்கம், பதிவு செய்யாத கல்யாணங்கள். கோவிலில் தாலி கட்டி, ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) பதியாமலே வாழ்ந்த தம்பதிகள் பழைய தலைமுறையில் நிறையப் பேர். சட்டத்தின் கண்ணில் அந்தச் சடங்கு மட்டும் திருமணமாகாது. சொத்துரிமை போன்ற சில விஷயங்களில் மட்டும் நீதிமன்றங்கள் பிற்பாடு மனம் இரங்கின. ஊரையே கூட்டிப் பஞ்சாயத்து செய்கிற தாத்தாவும் ஆயாவும் தாங்களே 'கல்யாணம் ஆகாதவர்கள்' என்று க்ளைமாக்ஸில் தெரிய வந்தால் எப்படி இருக்கும்! ஹோம் அஃபேர்ஸ் என்ற பெயரை வைத்து ஒரு ஜோக் தோன்றும். எழுதாதீர்கள். எல்லோருக்கும் தோன்றியதுதான்.

கார் நம்பர் விஷயமும் கவனம். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் பழைய தகடுகளில் என்.டி. என்று தொடங்கினால் டர்பன், என்.பி. என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 'வாணி வீட்டு வாசல்ல மாரிட்ஸ்பர்க் கார் நிக்குது' என்று ஓர் ஆன்ட்டி பால்கனியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். 2023 டிசம்பரில் தொடங்கிய புதிய தகடுகளில் ஊர் தெரியாது, மாகாணம் மட்டும்தான். அந்தத் துப்பு வேண்டுமானால் பழைய தகடுள்ள காரைத் தேடிப் பிடியுங்கள்.

அப்புறம், நிஜக் கதை. யாருக்கோ நடந்ததைக் கேட்டுத்தான் எல்லோரும் எழுத உட்காருகிறார்கள். ஆனால் அத்தனை பேரும் உறவாக இருக்கிற ஊரில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தொழில், தெரு, பிள்ளைகளின் எண்ணிக்கை, அகப்பட்ட விதம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அவதூறு வழக்கு ஒருபுறம் இருக்கட்டும், அடுத்த கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருக்கும். குடும்பப் பெயரை கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று பொதுவாக வைத்துக்கொண்டால் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொருந்தும், யாரும் தன்னைத்தான் சொல்கிறான் என்று நிரூபிக்க முடியாது.

நான்காம் படி: பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்று கதவுகள். தேசியத் திரைப்பட மற்றும் வீடியோ அறக்கட்டளை திரைக்கதை வளர்ப்புக்கும் தயாரிப்புக்கும் தனித்தனியாக நிதி தருகிறது. முதல் படம் என்றால் திரைக்கதை வளர்ப்புக்கு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம், தொகை சின்னது, போட்டியும் கொஞ்சம் குறைவு. குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் திரைப்பட நிதி இரண்டாவது. மூன்றாவது, வர்த்தகத் துறையின் ஊக்கத்தொகை. அது செலவு செய்த பிறகு திரும்பக் கிடைக்கிற பணம், முன்பணமாக எண்ணிவிடாதீர்கள். பாக்கி வராததால் தயாரிப்பாளர்கள் 2025 தொடக்கத்தில் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அந்தப் பணத்தை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கவே கூடாது.

மிச்சம் சொந்தக் காசும் சுற்றத்தாரின் காசும். நடிகர்களுக்கும் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் பாதிச் சம்பளத்தைப் பிற்பாடு தருவதாக இருந்தால், எந்த வருமானத்திலிருந்து, யாருக்கு முதலில் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 'நம்ம பையன்தானே' என்று வாய்மொழியில் விட்ட கணக்குகள்தான் படம் ஓடிய பிறகு சண்டையாகும். பட்ஜெட்டில் இரண்டு வரிகளில் கை வைக்காதீர்கள்: ஒலிப்பதிவு, சாப்பாடு. மற்ற எல்லாவற்றிலும் பேரம் பேசலாம்.

ஐந்தாம் படி: மொழியும் நடிகர்களும்

இன்றைய டர்பன் தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். தமிழ் தாத்தா ஆயாவிடமும், கோவிலிலும், சமையலறையிலும், திட்டும்போதும் இருக்கிறது. முழுத் தமிழ் வசனம் எழுதினால் பொய்யாக ஒலிக்கும். சுத்த ஆங்கிலமும் அப்படித்தான். ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே 'ஐயோ', 'சும்மா', 'லாணி' (முதலாளி, பகட்டுக்காரர்) வந்து விழுகிற அந்தப் பேச்சே இந்தப் படத்தின் முதல் சொத்து. வசனத்தை ஒரு ஆன்ட்டியிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் வாய் எங்கே தடுமாறுகிறதோ அங்கே மாற்றுங்கள். ஆயா கதாபாத்திரத்துக்கு மட்டும் நல்ல தமிழ் கொடுங்கள். வீட்டில் பாதிப் பேருக்குப் புரியாது என்பதால் அவர் எல்லா ரகசியத்தையும் சபையிலேயே போட்டு உடைக்கலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள். தமிழ் தெரிந்த பார்வையாளருக்கு இது தனி விருந்து.

நடிகர்களை டர்பனின் மேடை நகைச்சுவை உலகத்திலிருந்து எடுங்கள். டைமிங் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. ஒரே பிரச்சினை, கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகியவர்கள். கேமரா முன்னால் அது கூச்சலாகத் தெரியும். ஒத்திகையை சின்ன அறையில், மேசைக்கு எதிரெதிரே உட்கார வைத்து, காதோடு பேசுகிற அளவுக்குக் குரலைத் தாழ்த்தி நடத்துங்கள். போனில் எடுத்து அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். இரண்டாம் நாள் தானாக அடங்கிவிடும்.

வாணி பாத்திரத்துக்கு ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. நடிக்கத் தெரிந்த பெண்கள் இல்லாமல் இல்லை. 'அடுத்த வாரம் கோவில்ல என்ன பேசுவாங்க' என்கிற கவலைதான். அது நியாயமான கவலை. இதற்கு மருந்து எழுத்தில்தான் இருக்கிறது. வாணிக்கு ஒரு வேலை, ஒரு கடன், ஒரு தோழி, படத்தின் இரண்டு சிறந்த ஜோக்குகள் கொடுங்கள். 'மற்றொருத்தி' என்று இல்லாமல் ஒரு ஆளாக இருந்தால் நல்ல நடிகை வருவார்.

நெருக்கமான காட்சிகள் இந்தப் படத்துக்கு அதிகம் தேவையில்லை. ஆனால் ஒரு கட்டிப்பிடிப்பு இருந்தாலும் முறை ஒன்றுதான். எதுவரை, எங்கே கை, உடையில் என்ன என்பதை முன்கூட்டியே பேசி எழுத்தில் வையுங்கள். படப்பிடிப்பின்போது தேவையான ஆட்கள் மட்டும் அறையில். நடிகர் எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம். பெண் திரைக்கலைஞர்களின் ஸ்விஃப்ட் அமைப்பு இங்கே இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுக்கிறது. முடிந்தால் பயிற்சி பெற்ற நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளரை ஒரு நாளைக்காவது அமர்த்துங்கள். இயக்குநரின் கூச்சத்துக்கும் அது மருந்து.

ஆறாம் படி: இடமும் காலமும்

சாட்ஸ்வொர்த்தின் பழைய நகராட்சி வீடுகளில் பல, நடுவே ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்பவை. இந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் அந்தப் பக்கம் எண்ணுவார்கள். அப்படி இரண்டு பாதியும் கிடைக்கிற ஒரு வீட்டைப் பிடித்துவிட்டால் உங்கள் படத்தில் பாதி அங்கேயே முடியும். ஒரு பாதியில் ரகசியம், மறு பாதியில் சுவரில் டம்ளர் வைத்துக் கேட்கும் காது. ஒரே நாளில் இரண்டையும் எடுக்கலாம், லைட்டை நகர்த்துகிற நேரம் மிச்சம். வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் எழுதுங்கள். என்ன உடைந்தால் யார் பொறுப்பு, எத்தனை மணி வரை, கழிவறை யாருக்கு என்பது வரை. அக்கம்பக்கத்துக்கு முதல் நாளே ஒரு தட்டு பலகாரத்தோடு போய்ச் சொல்லிவிடுங்கள். இரைச்சல் புகார் பாதி குறையும்.

கடற்கரை, சாலை, பூங்கா எல்லாவற்றுக்கும் டர்பனின் எத்தெக்வினி நகராட்சியின் அனுமதி வேண்டும். டர்பன் திரைப்பட அலுவலகம் வழிகாட்டும். கோவிலில் எடுப்பதென்றால் கமிட்டிக்கு முழுக் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். காதலர்கள் சந்திக்கிற சீனைப் பிரகாரத்தில் வைக்காதீர்கள். அனுமதி கிடைத்தாலும் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், காமெடி அங்கேயே செத்துவிடும். அதே சீனைக் கல்யாண மண்டபத்தின் பின்புறம், பிரியாணி அண்டாக்களுக்கு நடுவே வைத்தால் அத்தனையும் சிரிப்பு. கரண்டியோடு நிற்கும் சமையல் மாமா ஒருவர் போதும்.

படப்பிடிப்புக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். மழை குறைவு, வேர்வை இல்லை, மேக்கப் நிற்கும். ஆனால் ஜூனில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். ஆகவே வெளிப்புறக் காட்சிகளைக் காலையிலிருந்து மதியம் மூன்று வரை முடித்துவிட்டு, மாலையை உள்ளறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசிக் காட்சியை ஜூலையில் எடுக்கலாம். மாவிலைத் தோரணமும் வாழையிலையும் எந்த மாதமும் கிடைக்கும்.

மின்வெட்டு 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்றாலும் ஏற்பாடு இல்லாமல் இறங்காதீர்கள். ஜெனரேட்டரைவிட பேட்டரியில் ஓடும் எல்இடி விளக்குகளே மேல். ஜெனரேட்டர் சத்தம் வசனத்துக்குள் புகுந்துவிடும்.

சத்தம் என்று வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன், டர்பனில் ஒலிப்பதிவாளரின் முதல் எதிரி ஹடீடா. காலையிலும் மாலையிலும் கூரைமேல் பறந்துகொண்டு யாரோ கழுத்தை நெரிப்பதைப்போலக் கத்தும் அந்த அரிவாள்மூக்கன் பறவை, காதல் வசனத்தின் நடுவில்தான் சரியாக வரும். அதற்காகக் காத்திருக்காமல் மறுபடியும் எடுங்கள். ஒரு ஹடீடாவைத் தனியாக நன்றாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், எடிட்டிங்கில் வேறெங்காவது ஜோக்காக உதவும். அடுத்தது குரங்குகள். கேட்டரிங் மேசையில் வாழைப்பழம் திறந்திருந்தால் பத்து நிமிஷத்தில் மதில்மேல் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிஷ மௌனத்தைப் பதிவு செய்ய மறக்காதீர்கள். டப்பிங்குக்குக் காசு இல்லாத படத்துக்கு அதுதான் ஒட்டுப் போடும் துணி.

ஏழாம் படி: எடுக்கிற விதம்

திரைக்கதையில் ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிஷம். 90 பக்கக் கதையை நாளைக்கு ஐந்து பக்கம் வீதம் எடுத்தால் 18 நாள். நாளைக்கு எட்டுப் பக்கம் என்று ஷெட்யூல் போட்டுத் தருகிற உதவி இயக்குநரை நம்பாதீர்கள், காமெடிக்கு டேக் அதிகம் போகும்.

பொய் சொல்கிறவன் முகமும் பொய்யைக் கேட்கிறவள் முகமும் ஒரே ஃப்ரேமில் இருக்கட்டும். மாற்றி மாற்றி க்ளோசப் போட்டால் சிரிப்பை எடிட்டர்தான் உருவாக்க வேண்டும். இருவரையும் சேர்த்து வைத்தால் நடிகர்களே உருவாக்கிவிடுவார்கள். சமையலறை வாசல், கார் முன்கண்ணாடி, பந்தி வரிசை ஆகிய மூன்று ஃப்ரேம்களும் இந்தப் படத்துக்கென்றே செய்தவை. கேமரா அசையாமல் நிற்கட்டும். பின்னணியில் யாராவது ஒருவர் மெதுவாக நடந்து வந்து காது கொடுக்கட்டும்.

க்ளோசப்பைச் சேமித்து வையுங்கள். கோகிக்கு ஒன்று, சேகரனுக்கு ஒன்று, ராஜனுக்குக் கடைசியில் ஒன்று. ராஜனின் க்ளோசப் வரும்போது அவன்மேல் கோபத்தோடு கொஞ்சம் பரிதாபமும் வர வேண்டும், இல்லையென்றால் முந்தைய சீன்களில் எங்கோ அவனைக் கார்ட்டூனாக்கிவிட்டீர்கள்.

எட்டாம் படி: பாட்டு

பழைய தமிழ் சினிமாப் பாட்டு ஒன்று காரில் ஓடுவது இந்தக் கதைக்கு இயல்பு. ஆனால் அதைப் படத்தில் பயன்படுத்த இசை நிறுவனத்திடம் தனி உரிமை வாங்க வேண்டும். சின்னப் பட்ஜெட்டை அது விழுங்கிவிடும். இசை உரிமை அமைப்பான சாம்ரோவின் உரிமம் இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பொது இடத்தில் இசையை ஒலிக்கச் செய்வதற்கானது, படத்தோடு இணைப்பதற்கு வேறு அனுமதி. உள்ளூர் இசைக்குழு ஒன்றைக் கொண்டு பழைய பாணியில் புதுப் பாட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேவாரத்தின் வரிகள் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஓதுவாரின் பதிவு அவருக்கோ நிறுவனத்துக்கோ சொந்தம். கோவில் நாதஸ்வரத்தை நீங்களே போய்ப் பதிவு செய்தால், கலைஞரிடம் சம்மதக் கடிதமும் சம்பள ரசீதும் கையோடு வாங்கிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: எடிட்டிங்

முதல் வெட்டு இரண்டு மணி நேரம் வரும். 95 நிமிஷத்துக்குக் கொண்டுவாருங்கள். வெட்ட வேண்டியது பெரும்பாலும் 'அவன் ஏன் இப்படிச் செய்தான்' என்று விளக்குகிற சீன்கள்.

பிறகு இருபது பேரை ஒரு அறையில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். நண்பர்கள் வேண்டாம், சிரிக்கக் கடமைப்பட்டவர்கள். கோவில் பெண்கள் குழு, பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரு கல்லூரிப் பையன்கள் கூட்டம் என்று கலந்து கூப்பிடுங்கள். கேள்வித்தாளைவிட உபயோகமானது அறையின் ஒலிப்பதிவு. ஒரு ரெக்கார்டரை மேசைமேல் வைத்து, பிறகு அந்த ஒலியை எடிட்டிங் மேசையில் படத்துக்குக் கீழே போட்டுப் பாருங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே அடுத்த வசனத்தைச் சிரிப்பு மூடியது, எங்கே இருமினார்கள் எல்லாம் தெரியும். சிரிப்பு மூடிய இடத்தில் ஒரு விநாடி காற்று விடுங்கள். இருமிய இடத்தை வெட்டுங்கள். கோகி அவமானப்படுகிற இடத்தில் யாராவது சிரித்திருந்தால் அந்த சீனைத் திருத்தியே ஆக வேண்டும், எவ்வளவு பலத்த சிரிப்பானாலும் சரி.

பத்தாம் படி: சான்றிதழ், வெளியீடு

திரைப்பட மற்றும் வெளியீடுகள் வாரியத்தின் வயது வகைப்பாடு இல்லாமல் பொதுவில் திரையிட முடியாது. விநியோகிப்பவர் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இந்தக் கதைக்கு 13 வயது வகைப்பாட்டைக் குறிவையுங்கள். கெட்ட வார்த்தையால் 16 ஆகிவிட்டால் பேத்தியோடு வருகிற ஆயா வரமாட்டார். அந்த ஒரு டிக்கெட்டோடு ஐந்து டிக்கெட் போகும்.

டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979 முதல் நடக்கிறது, வழக்கமாக ஜூலையில். கூடவே 2010-இல் தொடங்கிய டர்பன் ஃபிலிம்மார்ட் என்ற சந்தையும் உண்டு. விழாவில் காமெடிக்கு விருது கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் சொந்த ஊர் ரசிகர்கள் நிறைந்த ஒரு அரங்கில் முதல் காட்சி ஓடினால் விநியோகஸ்தர்கள் கவனிப்பார்கள்.

தியேட்டர் என்றால் ஸ்டெர்-கினெகோர், நூ மெட்ரோ என்ற இரண்டு சங்கிலிகள், அப்புறம் 1939-இல் டர்பனில் இந்தியர்கள் தொடங்கிய அவலான். டிக்கெட் வசூலில் சுமார் பாதி தியேட்டருக்குப் போகும், மிச்சத்தில் விநியோகஸ்தர் கமிஷன், விளம்பரச் செலவு. கையில் வருவதைப் பார்த்து மயங்கி விழாதீர்கள். வெளியீட்டுக்கு அன்னையர் தின வார இறுதியைச் சொல்வேன். அம்மாக்களைப் படத்துக்குக் கூட்டிப் போகிற நாள் அது, அப்பாக்கள் நெளிவதைப் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்கு. ஜூன்-ஜூலை பள்ளி விடுமுறையும் பரவாயில்லை.

தியேட்டரைவிட நம்பகமான வருமானம் ஒன்று உண்டு. டர்பனில் நாடகங்களை கோவில் சபைகளும் முதியோர் இல்லங்களும் பள்ளி முன்னாள் மாணவர்களும் மொத்தமாக ஒரு காட்சியாக வாங்கி, நிதி திரட்ட டிக்கெட் விற்பது பழைய வழக்கம். படத்துக்கும் அதே ஏற்பாட்டைச் செய்யுங்கள். ஒரு காட்சிக்கு நிலையான தொகை, முன்பணம் பாதி, புரொஜெக்டரும் ஒலியும் யார் பொறுப்பு என்று ஒரு பக்க ஒப்பந்தம். லெனேஷியா, பீட்டர்மாரிட்ஸ்பர்க், டோங்காட், ஸ்டாங்கர் என்று நம் மக்கள் இருக்கும் ஊர்களை வாரக்கடைசிகளில் சுற்றலாம். கள்ளக்காதல் படத்தைக் கோவில் சபை வாங்குமா என்று கேட்காதீர்கள். டிரெய்லரைக் கமிட்டித் தலைவரின் மனைவியிடம் காட்டுங்கள், தலைவரிடம் வேண்டாம்.

ஓடிடி தளத்தோடு பேசும்போது எத்தனை வருஷம், எந்தெந்த நாடுகள், தனி உரிமையா என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். மண்டபக் காட்சிகளுக்கான உரிமையை ஒப்பந்தத்தில் தனியாகப் பிரித்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தளம் அதற்கு மறுத்தால், மண்டபச் சுற்று முடிகிற தேதிக்குப் பிறகே படம் இணையத்தில் வரும் என்று எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.